வங்காளிகளுக்கு இரண்டு வருடப்பிறப்பு

1

சித்திரை வருடப்பிறப்பைப் பற்றி நான் கார்த்திகையில் எழுதுகிறேன். ஜேர்மனியில் எந்தக் காரியமும் தொடங்கிய பருவத்தில் முடிவதில்லை. விண்ணப்பம் கொடுக்கும்போது மரத்தில் பூ இருக்கும். பதில் வரும்போது இலையும் இராது. ஊரில் இருப்பவர்கள் இதை வாசித்துவிட்டு, அங்கே எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று பெருமூச்சு விடவேண்டாம். அலுவலகம் ஒழுங்காகத்தான் நடக்கிறது. அதன் வாசலுக்கு வரும் மனிதர்களைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

எசன் நகரத்துக்கு நான் அகதியாக வந்தவன். பேராதனையில் படித்த படிப்புக்கு இங்கே சட்டி கழுவும் வேலை கிடைத்தது. பிறகு வெளிநாட்டவருக்கான ஆலோசனை நிலையம் ஒன்றில் மேசை கிடைத்து, ஓய்வு பெறும்வரை அந்த மேசைக்குப் பின்னாலேயே இருந்தேன். எந்தக் காரியத்துக்கு எந்த அலுவலகம், அந்த அலுவலகத்தில் யார் இரக்கமுள்ளவர், அவர் எந்தக் கிழமை லீவு என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஓய்வு பெற்றால் இதெல்லாம் மறந்துவிடும் என்று நினைத்தேன். சனம் மறக்க விடவில்லை. முதலில் தமிழர் வந்தார்கள். பிறகு, தமிழர் சொல்லி வங்காளிகள் வந்தார்கள்.

"பென்சன் எடுத்தது நீங்கள் மட்டுந்தான்," என்பாள் மனைவி சரோஜா. "உங்கட கந்தோர் இன்னும் எங்கட குசினிக்குள்ளதான் நடக்குது."

2

ரெஹானா பங்களாதேஷ்காரி. ராஜ்ஷாஹியில் பள்ளிக்கூட ஆசிரியை. கணவனோடு இங்கே வந்தபின் ஒரு ஹோட்டலில் கட்டில் விரிப்பு மாற்றுகிறாள். எங்கள் மாநிலத்தில், வெளிநாட்டுப் பின்னணியுள்ள பிள்ளைகளுக்கு அவர்களுடைய தாய்மொழியை அரச பள்ளிக்கூடத்திலேயே பின்நேரங்களில் படிப்பிக்க வழியுண்டு. ஆசிரியருக்குச் சம்பளம் அரசு கொடுக்கும். ஆசிரியருக்குத் தகுதி இருக்கவேண்டும், போதிய பிள்ளைகள் இருக்கவேண்டும், அவ்வளவுதான். ரெஹானாவின் சான்றிதழ்களை மொழிபெயர்த்து, முத்திரை வாங்கி, அங்கீகாரம் பெற்றுக்கொடுப்பதற்குள் எனக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது. தகுதி முடிந்தது. பிள்ளைகள்தான் காணாது, எண்ணிக்கை போதவில்லை.

எசனிலும் சுற்றுவட்டாரத்திலும் இருக்கும் பங்களாதேஷ் பிள்ளைகளை எண்ணினால் கொஞ்சம் குறைந்தது. கல்கத்தாப் பக்கத்து இந்திய வங்காளிகளின் பிள்ளைகளை எண்ணினால் இன்னும் குறைந்தது. இரண்டையும் கூட்டினால் தாராளமாகப் போதும். இந்தக் கணக்கைச் செய்ய ஒரு பேராதனைப் பட்டதாரி தேவையில்லை. ஆனால் இரண்டு பகுதியிலும் ஒருவரும் அதைச் செய்திருக்கவில்லை. இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதிப் பார்க்க அவர்களுக்குக் கை வரவில்லை.

"அங்கிள், இந்த முறை சரிவராட்டில் ஹோட்டலில நிரந்தரத்துக்குக் கையெழுத்து வைச்சிடுவன்," என்றாள் ரெஹானா. (அவள் பேசியது ஜேர்மன். இந்தக் குறிப்பில் வங்காளிகள் என்னோடு பேசியதையெல்லாம் எங்கள் வாயிலேயே எழுதுகிறேன்.) "அதுக்குப் பிறகு நான் டீச்சர் எண்டு ஒருத்தருக்கும் சொல்லமாட்டன். சொல்லச் சொல்ல வெக்கமாக் கிடக்குது."

பிள்ளைகளைச் சேர்க்கும் பெற்றோர் விண்ணப்பங்களுக்குச் சித்திரை மாதக் கடைசி வெள்ளி மத்தியானம் முடிவு. அதைத் தவறவிட்டால் அடுத்த வருடம்.

3

இரண்டு பகுதிக்கும் இரண்டு சங்கம், இரண்டு தலைவர். சக்கரவர்த்தி பொறியியலாளர், கல்கத்தாவில் தலைமுறை தலைமுறையாக இருந்த குடும்பம். என்னைத் 'தாதா' என்பார். அண்ணன் என்று பொருளாம். எங்கள் ஆட்கள் சிரிப்பதை அவர் கவனிப்பதில்லை. ரஃபீக் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார், டாக்காக்காரர். என்னை 'பாய்' என்பார். அதற்கும் அண்ணன் என்றுதான் பொருள். ஒரே உறவுக்கு இரண்டு சொல் வைத்துக்கொண்டு, யார் எந்தச் சொல்லைச் சொல்கிறார்கள் என்பதை வைத்தே எல்லைக்கு எந்தப் பக்கம் என்று மணந்து பிடிக்கிறார்கள்.

இரண்டு வீட்டுக்கும் போயிருக்கிறேன். இரண்டிலும் சுவரில் அதே தாடிக்காரக் கவிஞர். இரண்டிலும் ஒரு மூலையில் ஆர்மோனியம், அதன்மேல் தூசி. சோற்றுக்கு மீன், மீனுக்குக் கடுகு. இரண்டிலும் பிள்ளைகள் தாயின் வங்காளிக் கேள்விக்கு ஜேர்மனில் பதில் சொல்லிவிட்டு அறைக்கதவைச் சாத்துகிறார்கள். மூனிச்சில் இருக்கும் என் பேரப்பிள்ளைகளும் அப்படித்தான். தமிழில் 'தாத்தா' என்று தொடங்கி மிச்சத்தை ஜேர்மனில் முடிப்பார்கள். ஆகவே நான் சிரிக்கவில்லை.

ரஃபீக் சொல்வார்: "அவை எங்களைக் களவா எல்லை தாண்டினவை எண்டுதான் பாப்பினம். ஜேர்மனியிலயும் அதே பார்வைதான். நாங்கள் இஞ்ச வந்தது பிளேனில."

சக்கரவர்த்தி சொல்வார்: "அங்க ஆட்சி மாற மாறப் பாடப்புத்தகமும் மாறும். எந்தப் புத்தகத்தை வைச்சு என்ர மகளுக்குப் படிப்பிப்பினம்?" அவருடைய நாட்டில் அப்படியொன்றும் நடப்பதில்லை என்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு சொல்வார்.

இந்த இருவரையும் நான் ஒருவாறு பேசவைத்தேன். ரஃபீக்கின் கடையில், ஒலிபெருக்கியில் போட்டு, தொலைபேசியில் பேசினார்கள். என்ன இனிமை! ஒருவர் விட்டுக்கொடுக்க மற்றவர் அதற்கு மேல் விட்டுக்கொடுத்தார். வருடப்பிறப்பு வரப்போகிறது, அன்றைக்குப் பின்நேரம் நாலு மணிக்கு எல்லாக் குடும்பங்களும் ஒன்றாகக் கூடி, இனிப்புச் சாப்பிட்டு, அங்கேயே பெற்றோர் விண்ணப்பங்களை நிரப்பிவிடுவது என்று முடிவு. இடம், எங்கள் தமிழ் மண்டபம். எங்களுக்கும் அது வருடப்பிறப்புக் கிழமையாதலால் மண்டபம் அந்தக் கிழமை முழுதும் திறந்தே இருக்கும். நான் போகவில்லை. வங்காளிகள் ஒற்றுமைப்படும்போது பக்கத்தில் ஒரு தமிழன் நின்று சாட்சி சொல்லவேண்டியதில்லை என்று நினைத்தேன்.

4

ஏப்ரல் பதினாலாம் தேதி பின்நேரம், சரோஜா பலகாரம் பரிமாறிக்கொண்டிருக்கத் தொலைபேசி அடித்தது. சக்கரவர்த்தி.

"தாதா, நாங்கள் எல்லாரும் மண்டபத்தில நிக்கிறம். ஒரு குருவி இல்லை. இதுதான் அவையின்ர மரியாதையோ?"

ரஃபீக்குக்கு எடுத்தேன். எடுத்து எடுத்துப் பார்த்தேன். அவர் தன் ஆட்களோடு எங்கோ பூங்காவில் பாட்டும் கூத்துமாக இருந்திருக்கிறார், தொலைபேசி காருக்குள். சக்கரவர்த்தியின் ஆட்கள் பிள்ளைகளுக்கு இனிப்பைக் கொடுத்துவிட்டு, விண்ணப்பத்தை நிரப்பாமல் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

மறுநாள் பதினைந்து. அதே நேரம். ரஃபீக்.

"பாய், நாங்கள் குடும்பம் குடும்பமா வந்து நிக்கிறம். மண்டபத்தில உங்கட தமிழ்ப் பிள்ளையள் நடனம் பழகுதுகள். கல்கத்தாக்காரர் ஒருத்தரும் இல்லை. நான் அப்பவே சொன்னன், பாருங்கோ."

விசயம் இதுதான். பங்களாதேஷில் வருடப்பிறப்பு பதினாலாம் தேதி. அரசாங்கம் நாட்காட்டியைத் திருத்தி அப்படி நிலைநிறுத்திவிட்டது. கல்கத்தாப் பக்கத்தில் பழைய பஞ்சாங்கம். அங்கே பெரும்பாலும் பதினைந்து. இது இருவருக்கும் தெரியாதா? நன்றாகத் தெரியும். தெரிந்ததுதான் பிசகு. கூட்டத்துக்கு அழைப்பு ரஃபீக்கின் கடையிலிருந்து வந்ததால், அவருடைய நாளுக்கே போவோம் என்று சக்கரவர்த்தி பெருந்தன்மையோடு பதினாலாம் தேதி தன் ஆட்களைத் திரட்டிப் போயிருக்கிறார். இந்தியர்கள் மனம் கோணக்கூடாது, அவர்களுடைய நாளுக்கே போவோம் என்று ரஃபீக் அதே பெருந்தன்மையோடு பதினைந்தாம் தேதி போயிருக்கிறார். ஒருவர் நாளை மற்றவர் மதித்ததால் இருவரும் சந்திக்கவில்லை. அந்த இனிமையான தொலைபேசிப் பேச்சில் தேதியை மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. சொன்னால் எதிராளியின் வருடப்பிறப்பை மறுத்ததுபோல் ஆகிவிடுமாம்.

5

எனக்கு இது புதிதல்ல. யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டுக்குத் திருக்கணிதம், பெரியப்பா வீட்டுக்கு வாக்கிய பஞ்சாங்கம். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு கிடுகு வேலி. வருடம் பிறக்கும் நேரம் ஒன்றில் காலையும் மற்றதில் முதல்நாள் இரவுமாக வந்த வருடங்கள் உண்டு. அப்பா மருத்துநீர் வைத்து முழுகிவிட்டுக் கைவிசேஷக் காசுக்குப் பெரியப்பாவைக் கூப்பிட ஆள் அனுப்புவார். பெரியப்பா, "வருஷம் பிறந்து பழசாப் போச்சு, இப்ப என்ன கைவிசேஷம்?" என்று திருப்பிச் சொல்லி அனுப்புவார். நட்சத்திரங்களின் இருப்பைப் பற்றி இருவருக்கும் ஒரு மண்ணும் தெரியாது. அப்பா தபால்கந்தோர், பெரியப்பா புகையிலை வியாபாரம். அவர்கள் சண்டைபிடித்தது வேறு விசயத்துக்கு. அதைச் சொல்ல முடியாதபடியால் சூரியனைக் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

ஆனாலும் எங்கள் பெரியப்பா பாஸ்போர்ட் கேட்கவில்லை. வங்காளிகளுக்கு அந்த வேலிக்குத் துப்பாக்கியோடு ஆமியும் காவல் நிற்கிறது.

6

இரண்டு பகுதிக்கும் நடந்ததை விளக்குவது சுலபம் என்று நினைத்தேன். முப்பது வருடம் சனங்களுக்கு விளக்கம் கொடுத்தவனல்லவா.

"சக்கரவர்த்தி, அவர் உங்கட நாளுக்குத்தான் வந்தவர். உங்களை மதிச்சு வந்தவர்."

"தாதா, நீங்கள் நல்ல மனுசன். அவை பதினைஞ்சுக்கு வந்தது எங்களை மதிச்சு இல்லை. 'பதினாலு எங்கட பெருநாள், அண்டைக்கு உங்களோட இருக்க எங்களுக்கு நேரமில்லை' எண்டு காட்ட."

"அப்ப நீங்கள் ஏன் பதினாலுக்குப் போனனீங்கள்?"

"மரியாதைக்கு!"

ரஃபீக்கிடம் போனேன். கடையில் அரிசி மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"பாய், சக்கரவர்த்தி எங்கட நாளுக்கு வந்தவரோ? ஆர் சொன்னது? அவர் சொன்னவரோ?" சிரித்தார். "வராத ஆள் எந்த நாளுக்கும் வந்தன் எண்டு சொல்லலாம்."

"மண்டபத்தில எங்கட ஆக்கள் கண்டவை."

"உங்கட ஆக்களுக்கு எந்த வங்காளி எந்த நாடு எண்டு தெரியுமோ?"

உண்மையில் தெரியாது. தமிழ் மண்டபத்துக் காரியதரிசிக்குப் பொட்டு வைத்திருந்தால் இந்தியா, தொப்பி போட்டிருந்தால் பாகிஸ்தான். அந்த விசயத்தில் எங்களுடைய அறிவைப் பற்றி நான் வாதாடவில்லை.

தான் மரியாதை செய்ததை ஒவ்வொருவரும் உறுதியாக நம்பினார்கள். மற்றவனும் அதையே செய்திருப்பான் என்பதை நம்ப ஒருவராலும் ஏலவில்லை. மற்றவன் துரோகம் செய்தான் என்று நான் போய்ச் சொல்லியிருந்தால், சாட்சி கேட்காமலே நம்பியிருப்பார்கள். இதை நினைத்தபோது எனக்குள் ஏதோ ஒன்று அசைந்தது. ஆனால் உடனே அதைப் பயன்படுத்தவில்லை. நான் நேர்மையான உத்தியோகத்தன்.

7

முடிவு நாளுக்கு முந்திய கிழமை ரெஹானா வந்தாள். "நான் சக்கரவர்த்தியிட்ட நேர போய்க் கேக்கப்போறன். நீங்களும் வாங்கோ அங்கிள். தனிய போனால் கதவு திறக்கமாட்டார்."

கதவைத் திறந்தார். இருக்கச் சொன்னார். பரீட்சை வைப்பதுபோலக் கதிரையில் நிமிர்ந்து இருந்துகொண்டு, வங்காளியில் ஏதேதோ கேட்டார். அவள் பதில் சொன்னாள். அவளுடைய பேச்சின் ஓசையைக் கேட்டுக்கொண்டே அவர் மனைவி மாலவிகா தேநீர்த் தட்டோடு உள்ளே வந்தார். அவளிடம் என்னவோ கேட்டார். இரண்டு பெண்களும் படபடவென்று பேசத்தொடங்கினார்கள். நான் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு மாலவிகா ஜேர்மனுக்கு மாறினார்.

"இந்தப் பிள்ளையின்ர தாத்தா முர்ஷிதாபாத்காரராம், தாதா. எங்கட பக்கம், இந்தியா. பிரிவினையில எல்லாத்தையும் விட்டிட்டு அங்கால போனவையாம். என்ர அப்பா பிறந்தது பாரிசால் எண்ட ஊரில. அது இப்ப அவையின்ர நாடு. அவர் எல்லாத்தையும் விட்டிட்டு இஞ்சால வந்தவர்."

"அப்ப ரெண்டு பேரும் இடம் மாறி இருக்கிறியள்," என்றார் சக்கரவர்த்தி. தேநீரை ஊதினார். "சரி, எந்தப் புத்தகம் படிப்பிப்பீர்?"

"எழுத்து எல்லாப் புத்தகத்திலயும் ஒண்டுதானே சேர்," என்றாள் ரெஹானா. "உங்கட மகளுக்குத் தன்ர பேரை எழுதத் தெரியுமோ?"

அவர் கோபப்படவில்லை. யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். மாலவிகா வாசல்வரை வந்து ரெஹானாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மணிக்கட்டில் கட்டுத்துணி கட்டியிருந்தது. ஹோட்டல் மெத்தைகளைத் தூக்கித் தூக்கி வந்த நோவு. படியிறங்கும்போது ரெஹானா சொன்னாள்: "யோசிச்சுச் சொல்லுறன் எண்டு சொன்னால் எங்கட பாசையில அதுக்கு என்ன கருத்து தெரியுமோ அங்கிள்?"

"எங்கட பாசையிலயும் அதேதான் பிள்ளை."

8

கடைசி வெள்ளி காலை. சரோஜா சந்தைக்குப் போய்விட்டாள். நான் தொலைபேசியை எடுத்தேன்.

"சக்கரவர்த்தி, ஒரு விசயம். ரஃபீக்கின்ர ஆக்கள் எல்லாரும் விண்ணப்பம் குடுத்திட்டினமாம். வகுப்புத் தொடங்கினால் புத்தகம் எது எண்டு பெற்றோர்தானே சொல்லுவினம். எல்லாரும் அவையாத்தான் இருப்பினம்."

அந்தப் பக்கம் காகிதம் புரட்டும் சத்தம். பிறகு, "கந்தோர் எத்தினை மணிக்குப் பூட்டும்?"

"மத்தியானம்."

உடனே ரஃபீக்குக்கு எடுத்தேன். "பாய், கல்கத்தாக்காரர் விடியவே வந்து எல்லாம் குடுத்திட்டுப் போட்டினமாம்."

"எனக்குத் தெரியும்!" என்றார் ரஃபீக். குரலில் கோபத்தைவிடத் திருப்திதான் அதிகம். "எனக்குத் தெரியும் பாய், அவை இப்பிடித்தான்!" கடையைச் சாத்தும் இரும்புச் சத்தம் தொலைபேசியில் கேட்டது.

உத்தியோக காலம் முழுதும் ஒரு திகதியைக்கூட மாற்றி எழுதாதவன் நான். ஓய்வுபெற்றபின் ஒரே காலையில் இரண்டு பொய். இரண்டும் மத்தியானத்துக்குள் உண்மையாகிவிட்டன. கல்வி அலுவலகத்தின் படிக்கட்டில் இருவரும் ஆளுக்கொரு கட்டு விண்ணப்பத்தோடு முட்டிக்கொண்டார்களாம். ஏற்கெனவே விண்ணப்பம் கொடுத்த மற்றவன், தாங்கள் முந்திவிடுவோம் என்று பயந்து இன்னும் பிள்ளைகளைச் சேர்க்கத் திரும்பி வந்திருக்கிறான் என்று இருவரும் நினைத்தார்களாம். உள்ளே இருந்த பெண் எல்லாவற்றுக்கும் முத்திரை குத்திவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

9

ஆவணியில் பள்ளிக்கூடம் தொடங்கியது. வகுப்பும் தொடங்கியது. ரெஹானா ஹோட்டல் வேலையை விட்டாள்.

பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுகிற பெற்றோர் போவதேயில்லை. வகுப்பறைக்கு வெளியே நடைபாதையில் இரண்டு பக்கமும் இரண்டு அணியாக இருப்பார்கள். என்ன படிப்பிக்கிறாள் என்று காவல். வீட்டில் கொப்பிகளைச் சல்லடை போட்டுத் தேடுவார்கள். தேடுவதற்காகவாவது பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்து வாசிப்பார்கள். தலைமை ஆசிரியை என்னைக் கண்டபோது, இவ்வளவு அக்கறையுள்ள பெற்றோரைத் தான் கண்டதில்லை என்றாள். வேறு மொழிக்காரருக்கும் இந்த முறையைச் சொல்லிக்கொடுக்க முடியுமா என்று கேட்டாள். முடியும், ஆனால் அதற்கு முதலில் ஒரு நாட்டைப் பிரிக்கவேண்டும் என்று சொல்ல வாய் உன்னியது.

சென்ற மாதக் கடைசியில் ரெஹானா வந்தாள். முகம் சரியில்லை.

"அங்கிள், பிள்ளையள் குறையுது. சக்கரவர்த்தி சேரும் ரஃபீக் பாயும் சிநேகிதமாயிட்டினம். ஒரே வாங்கில இருந்து போனில கிரிக்கெட் பாக்கினம். மற்றப் பெற்றோரெல்லாம், பெரியவை ரெண்டு பேரும் நிக்கினம்தானே, நாங்கள் ஏன் காவல் எண்டு வீட்டில நிக்கினம். பிள்ளையையும் மறிச்சுப்போட்டினம். இப்பிடியே போனால் அரையாண்டில வகுப்பை மூடிடுவாங்கள்."

அடுத்த வகுப்புக்கு நான் போனேன். உண்மைதான். இரண்டு பேரும் வாங்குப் பலகையில் தோளோடு தோள் ஒட்டி இருந்தார்கள். ரஃபீக் எதையோ சொல்ல சக்கரவர்த்தி குலுங்கிச் சிரித்தார். திறந்திருந்த கதவுக்குள்ளே பாதிக் கதிரை வெறுமை. ரெஹானா கரும்பலகையிலிருந்து திரும்பி என்னைப் பார்த்தாள்.

நான் போய் அவர்களுக்கு நடுவில் இருந்தேன். நலம் விசாரித்தேன். பிறகு கேட்டேன்:

"நான் தமிழன், எனக்குத் தெரியாது. இந்த இலிஷ் எண்டு நீங்கள் உயிரை விடுற மீன் இருக்கே, அது பத்மா ஆத்தில பிடிச்சது ருசியோ, கங்கையில பிடிச்சது ருசியோ?"

"இதென்ன கேள்வி பாய்?" என்றார் ரஃபீக். "பத்மா மீனுக்குக் கிட்ட எந்த மீன் வரும்?"

"கங்கை மீனைச் சாப்பிடாத ஆள் சொல்லுற கதை," என்றார் சக்கரவர்த்தி, இன்னும் சிரித்துக்கொண்டே.

"அப்ப ஏன் பூசைக்குப் பூசை எங்களிட்ட இலிஷ் அனுப்புங்கோ எண்டு நிக்கிறியள்?"

சிரிப்பு நின்றது. "ஆத்து வாயில வலையைப் போட்டு மறிச்சால், கேக்காமல் என்ன செய்யிறது?"

"நாங்கள் வலையைப் போட்டம். அணையைக் கட்டித் தண்ணியையே மறிச்சது ஆர்?"

சக்கரவர்த்தி எழுந்துவிட்டார். ரஃபீக்கும் எழுந்தார். வாங்கில் கிடந்த போனில் கிரிக்கெட் தனியே ஓடிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு பேச்சு வங்காளியில்தான். எனக்கு விளங்கவில்லை, விளங்கவேண்டியதும் இல்லை. ரெஹானா வந்து வகுப்பறைக் கதவை மெல்லச் சாத்தினாள்.

இந்தக் கிழமை வகுப்பு முடிந்து தொலைபேசி எடுத்தாள். நடைபாதையில் ஒரே சனமாம், இரண்டு பக்கமும்.

"பிள்ளையள்?" என்றேன்.

"கதிரை காணாது அங்கிள்," என்றாள்.